ஜி. என். ராமச்சந்திரன்: தண்ணீரையும் கணக்கில் சேர்த்தவர்

முதல் செமஸ்டர் கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா மக்களே? நீல நிறத்தில் மின்னும் காப்பர் சல்பேட் படிகத்தைச் சூடு பண்ணினால் வெள்ளைப் பொடியாகிவிடும். அதில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் மறுபடியும் நீலம். ரெக்கார்ட் நோட்டில் ஹைட்ரேஷன், டிஹைட்ரேஷன் என்று எழுதி, கையெழுத்து வாங்கிவிட்டு வந்துவிடுவோம். அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் படிகத்துக்குள்ளே நடப்பது சுவாரசியமான விஷயம். ஒரு காப்பர் சல்பேட்டுக்கு அஞ்சு தண்ணீர் மூலக்கூறு. அதில் நாலு, காப்பர் அயனியைச் சுற்றி நேரடியாகப் பிடித்துக்கொண்டு நிற்கும். அஞ்சாவது மட்டும் காப்பரைத் தொடவே தொடாது. அது ஹைட்ரஜன் பிணைப்பு மூலம் சல்பேட்டுக்கும் மற்ற தண்ணீர் மூலக்கூறுகளுக்கும் நடுவில் ஒரு பாலம் மாதிரி உட்கார்ந்திருக்கும். நாலு தண்ணீர் சுமார் 110 டிகிரிக்குள் கிளம்பிவிடும். கடைசித் தண்ணீரை வெளியேற்ற 200 டிகிரி வரைக்கும் போக வேண்டும்.

ஆக, ஹைட்ரேஷன் என்றால் நனைவது இல்லை. தண்ணீர் ஒரு பொருளின் அமைப்புக்குள்ளேயே ஓர் உறுப்பாகச் சேர்வது. உப்பைக் கரைத்தால் சோடியம் அயனியைத் தண்ணீர் சூழ்ந்து நிற்பதும் ஹைட்ரேஷன்தான். சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுவதும் ஹைட்ரேஷன்தான் (சிவில் மக்கள் இங்கே கொஞ்சம் பெருமைப்பட்டுக்கலாம்). எத்திலீனோடு தண்ணீர் சேர்ந்து எத்தனால் ஆவதும் அதே பேர்தான். ஹைட்ராலிசிஸ் மட்டும் வேற. அங்கே தண்ணீர் வந்து ஒரு பிணைப்பை உடைக்கும். ஹைட்ரேஷனில் தண்ணீர் சேரும். ஹைட்ராலிசிஸில் தண்ணீர் பிரிக்கும். வைவாவில் ரெண்டையும் குழப்பாதீங்க.

அந்த அஞ்சாவது தண்ணீர் மாதிரியே பாலமாக நிற்கும் ஒரு தண்ணீர், நம்ம தோலிலும் எலும்பிலும் இருக்கிறது. ஒரு பெரிய விஞ்ஞானச் சண்டைக்கு நடுவில் அதற்குரிய இடத்தைக் கொடுத்தவர், நம்ம கிண்டியில் உட்கார்ந்து வேலை பார்த்த ஒருவர். தாம்பரத்தில் பீச் டிரெயின் ஏறினால் எட்டாவது ஸ்டேஷன். நம்மில் பலர் பிறப்பதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். பயோடெக் படிக்கிறவர்களுக்கு ராமச்சந்திரன் பிளாட் என்று பேர் தெரியும். மற்றவர்களுக்கு அதுவும் தெரியாது. அதனால் இந்த இதழில் அவர் கதை.

கோபாலசமுத்திரம், எர்ணாகுளம், திருச்சி, பெங்களூர்

கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் ராமச்சந்திரன். பெயரில் இருக்கும் கோபாலசமுத்திரம் திருநெல்வேலிப் பக்கத்து ஊர். பிறந்தது 1922 அக்டோபர் 8 அன்று, எர்ணாகுளத்தில். அப்பா அங்கே மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். வீட்டிலேயே கணக்கு வாத்தியார் இருந்தால் என்ன ஆகும்? ஒண்ணு கணக்கைக் கண்டாலே ஓடுவோம், இல்லை அதுவே தாய்மொழி ஆகிவிடும். இவருக்கு ரெண்டாவது நடந்தது. பிற்காலத்தில் இவர் செய்த வேலை எதை எடுத்தாலும் அடியில் வடிவியல் இருக்கும்.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் முடித்துவிட்டு, 1942இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். எந்தத் துறை தெரியுமா? எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங். ஆமாங்க, நம்ம ஆள்தான். ஆனால் அங்கே இயற்பியல் துறையில் சர் சி. வி. ராமன் இருந்தார். பையனின் மூளையைப் பார்த்த ராமன், அவரைத் தன் துறைக்கு இழுத்துக்கொண்டார். டிபார்ட்மென்ட் மாறியதில் இன்ஜினியரிங்குக்கு நஷ்டம்தான். ஆனால் அந்த நஷ்டத்தைப் பிற்காலத்தில் வேறு வழியில் ஈடு செய்தார். அதைக் கடைசியில் சொல்கிறோம்.

ராமனிடம் படிக ஒளியியலும் எக்ஸ்ரே வேலையும் கற்றார். 1947இல் டி.எஸ்சி. பட்டம். அதே வருஷம் கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகம். அங்கே வூஸ்டர் என்பவரிடம் ஆராய்ச்சி செய்து 1949இல் பிஎச்.டி. முடித்துத் திரும்பினார். கேம்பிரிட்ஜில் இருக்கும்போது லைனஸ் பாலிங்கின் உரைகளைக் கேட்டது அவர் மனதில் ஒரு விதையைப் போட்டது. பெரிய பெரிய உயிர் மூலக்கூறுகளையும் அணு தூரம், பிணைப்புக் கோணம் வைத்து மாடல் கட்டிப் புரிந்துகொள்ளலாம் என்பதுதான் அந்த விதை.

கிண்டியில் 30 வயசு ஹெச்.ஓ.டி.

1952. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறை தொடங்க வேண்டும். துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் முதலில் அணுகியது ராமனை. ராமன் தான் வரவில்லை என்று சொல்லி, தன் மாணவரின் பேரைச் சொல்லி அனுப்பினார். முப்பது வயசில் பேராசிரியர், துறைத் தலைவர். இன்றைக்கு அந்த வயசில் நம்ம சீனியர்கள் பலர் நோட்டீஸ் பீரியட் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்!

துறை என்றால் பெரிய பில்டிங், புது மெஷின் என்று நினைக்காதீங்க. எக்ஸ்ரே கருவி, அதை ஓட்டத் தெரிந்த சில இளைஞர்கள், நிறைய பேப்பர், பென்சில். எதை ஆராய்வது என்பதே கேள்வி. அப்போது சென்னைக்கு வந்திருந்த இங்கிலாந்து விஞ்ஞானி ஜே. டி. பெர்னல் பேச்சுவாக்கில் கொலாஜன் பற்றிச் சொன்னார். அதற்கு ஆளாளுக்கு ஒரு மாடல் கொடுத்திருந்தார்கள், எதுவும் சரியாகப் பொருந்தவில்லை. ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார்.

கொலாஜன் என்றால் என்ன? நம்ம உடம்பில் இருக்கும் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுதான். தோல், தசைநாண், எலும்பு, குருத்தெலும்பு என்று எல்லாவற்றையும் கட்டி நிறுத்தும் நார். ஆட்டுக்கால் சூப் ஆறினால் கெட்டியாகிறதே, அது கொலாஜன் சூட்டில் அவிழ்ந்து ஜெலட்டின் ஆனது. கான்கிரீட்டுக்கு முறுக்குக்கம்பி எப்படியோ, உடம்புக்கு கொலாஜன் அப்படி.

கங்காரு வால்

ஆராய்ச்சிக்கு நல்ல கொலாஜன் நார் வேண்டும். நார்கள் எல்லாம் ஒரே திசையில் அடுக்கி இருந்தால்தான் எக்ஸ்ரே படம் தெளிவாக விழும். அங்கேதான் சென்னையின் புவியியல் கைகொடுத்தது. பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். சுருக்கமாக சி.எல்.ஆர்.ஐ. தோல் என்றாலே கொலாஜன்தானே? அங்கே கங்காரு வால் தசைநாண் கிடைத்தது. ஆஸ்திரேலியாக் கங்காருவின் வால், கிண்டியில் எக்ஸ்ரேக்கு முன்னால் வந்து நின்றது.

ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்களிடம் இருந்த துப்பு மூன்று. ஒன்று, எக்ஸ்ரே படத்தில் தெரிந்த சுமார் 2.9 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி. ரெண்டு, கொலாஜனில் மூன்றில் ஒரு அமினோ அமிலம் கிளைசின். மூன்று, புரோலினும் ஹைட்ராக்சிப்ரோலினும் மற்ற புரதங்களில் இல்லாத அளவுக்கு இதில் அதிகம்.

மூன்றில் ஒன்று கிளைசின் என்பதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அதை ஒரு வடிவமாகப் படித்தவர்கள் இவர்கள். மூன்று சங்கிலிகள் பக்கம் பக்கமாகச் சேர்ந்து ஒரு முப்புரிக் கயிறு ஆனால், நடுவில் இடமே இருக்காது. அந்த இடுக்கில் உட்காரக்கூடியது, பக்கக் கிளையாக வெறும் ஒரு ஹைட்ரஜன் மட்டும் வைத்திருக்கும் கிளைசின்தான். ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்று படிக்கு ஒருமுறை நடுவுக்கு வருகிற இடத்தில் கிளைசின். கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது.

1954 ஆகஸ்டில் நேச்சர் இதழில் முதல் கட்டுரை. அதில் மூன்று சுருள்களும் நேராக, இணையாக நின்றன. 1955இல் அதைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொள்ளும் வடிவமாக, அதாவது உண்மையிலேயே கயிறு திரித்த மாதிரி, இரண்டாவது கட்டுரை. சென்னை மாடல் என்று உலகம் பேச ஆரம்பித்தது. மேலே இருந்து பார்த்தால், வெளிநாட்டில் டி.என்.ஏ. கண்டுபிடிப்பு நடந்து ரெண்டே வருஷத்தில் இங்கே கிண்டியில் இன்னொரு சுருள்.

ஒண்ணா, ரெண்டா?

கதை இங்கே முடிந்திருந்தால் ஸ்வீட் கொடுத்துக் கொண்டாடியிருக்கலாம். முடியவில்லை.

அதே 1955 கடைசியில் அலெக்சாண்டர் ரிச், ஃபிரான்சிஸ் கிரிக் ரெண்டு பேரும் நேச்சரில் தங்கள் கொலாஜன் மாடலை வெளியிட்டார்கள். கிரிக் என்றால் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர்களுடைய மாடலும் முறுக்கிய முப்புரிதான். அடிப்படை வடிவத்தில் சென்னைக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சண்டை வந்தது சங்கிலிகளை எது கட்டிவைக்கிறது என்பதில்.

மூன்று அமினோ அமிலம் ஒரு செட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை மாடலில் ஒரு செட்டுக்கு ரெண்டு ஹைட்ரஜன் பிணைப்பு, பக்கத்துச் சங்கிலியோடு. ஒரு சங்கிலியில் இருக்கும் என்-ஹெச், அடுத்த சங்கிலியின் சி-ஓவைப் பிடிக்கும். இந்த மாதிரி ரெண்டு பிடி. ரிச்சும் கிரிக்கும் சொன்னது, ரெண்டு பிடி போட வேண்டுமென்றால் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவுக்கு நெருங்கி இடிக்கும். அதனால் ஒரே ஒரு பிடிதான் சாத்தியம்.

பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் ஒரு பிணைப்பா ரெண்டா என்பது கயிற்றின் பலத்தையே மாற்றும் விஷயம். அதோடு இன்னொன்றும் இருந்தது. கேம்பிரிட்ஜிலிருந்து வந்த மாடல் சரி, மெட்ராஸிலிருந்து வந்தது தப்பு என்று முடித்துவிட உலகத்துக்கு அதிக நேரம் ஆகாது. கயிறு முறுக்கிய யோசனை எங்கிருந்து முதலில் வந்தது என்பதும் அதில் அடிபட்டுப்போகும்.

இடிக்கிறது என்றால் எவ்வளவு?

இந்த இடத்தில் ராமச்சந்திரன் செய்ததுதான் நம்மைப் போன்ற மாணவர்கள் கவனிக்க வேண்டியது. கோபத்தில் பதில் கடிதம் எழுதிக்கொண்டு உட்காரவில்லை. எதிராளி சொன்ன குற்றச்சாட்டையே கேள்வியாக மாற்றினார். அணுக்கள் ரொம்ப நெருங்கிவிட்டன என்கிறார்கள். சரி, ரொம்ப நெருக்கம் என்றால் எவ்வளவு? ரெண்டு அணுக்கள் எத்தனை ஆங்ஸ்ட்ராம் வரை நெருங்கலாம்? இதை யார் அளந்தார்கள்?

அவரும் அவருடைய குழுவும் அதுவரை வெளியான அமினோ அமில, பெப்டைடு படிக அமைப்புகளையெல்லாம் எடுத்து, எந்த அணுவும் எந்த அணுவும் நிஜத்தில் எவ்வளவு கிட்டே வந்திருக்கின்றன என்று பட்டியல் போட்டார்கள். அதிலிருந்து வழக்கமான எல்லை ஒன்று, கடைசி எல்லை ஒன்று என்று ரெண்டு கோடு கிழித்தார்கள். பிறகு புரதச் சங்கிலியில் ஒவ்வொரு மூட்டும் திரும்பக்கூடிய ரெண்டு கோணங்களை, ஃபை, சை, எடுத்துக்கொண்டு, எந்தக் கோண ஜோடியில் அணுக்கள் இடிக்கும், எதில் இடிக்காது என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டார்கள். எல்லாம் மேஜைக் கால்குலேட்டரில். அந்த உழைப்பு சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் என்ற ரெண்டு இளைஞர்களோடு சேர்ந்தது.

1963இல் அது கட்டுரையாக வந்தது. ஒரு சதுரம், அதில் சில தீவுகள். தீவுக்குள் இருந்தால் அந்த வடிவம் சாத்தியம். வெளியே கடலில் இருந்தால் இடிக்கும். அதுதான் ராமச்சந்திரன் பிளாட். இன்றைக்கு உலகில் யார் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும், அதை வெளியிடும் முன் இந்தப் படத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். ஒரு விமர்சனத்துக்குப் பதில் தேடப் போய், ஒரு துறைக்கே அளவுகோல் கிடைத்தது.

ஆனால் ஒரு பிணைப்பா, ரெண்டா என்ற பழைய கேள்வி அப்படியே நின்றது.

நடுவில் வந்த தண்ணீர்

இப்போதுதான் ஹைட்ரேஷன் உள்ளே வருகிறது.

கொலாஜனை எக்ஸ்ரேயில் பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும். காய்ந்த நாருக்கும் ஈர நாருக்கும் படம் மாறும். காய்ந்த நாரில் முப்புரிகளுக்கு இடையே பக்கவாட்டு இடைவெளி சுமார் 11 ஆங்ஸ்ட்ராம். ஈரத்தில் அது 15 வரை போகும். தண்ணீர் நாருக்குள் புகுந்து கயிறுகளைத் தள்ளி வைக்கிறது. இதுவரை இது ஊறல்தான். வெளியே இருக்கும் தண்ணீர். ஒரு கயிற்றின் உள்ளே, சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவில், தண்ணீருக்கு வேலை இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

1968இல் ராமச்சந்திரனும் ஆர். சந்திரசேகரனும் அதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். முதல் பிடி நேரடியாக, என்-ஹெச்சிலிருந்து சி-ஓவுக்கு. ரெண்டாவது பிடியில் அந்த ரெண்டு குழுக்களும் நேரடியாகக் கைகோர்க்கும் அளவுக்குக் கிட்டே இல்லை. கிட்டே கொண்டுவந்தால் வேற எங்கேயாவது இடிக்கும். ஆனால் நடுவில் ஒரே ஒரு தண்ணீர் மூலக்கூறை வைத்தால்? ஒரு கையால் இந்தச் சங்கிலியைப் பிடிக்கும்; மறு கையால் அந்தச் சங்கிலியைப் பிடிக்கும். இடிக்கவும் இடிக்காது, பிடியும் விடாது.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். ரெண்டு பக்கமும் புரதத்தை மட்டும் வைத்து வாதாடிக்கொண்டிருந்தன. தண்ணீர் எல்லாப் பக்கமும் இருந்தது, ஆனால் அது வெறும் பின்னணி என்று மாடலுக்கு வெளியே விட்டிருந்தார்கள். நம்ம காப்பர் சல்பேட்டில் அஞ்சாவது தண்ணீரை விட்டுவிட்டு அமைப்பை வரைந்த மாதிரி. அதை உள்ளே கொண்டுவந்ததும், நேரடிப் பிணைப்பு ஒன்றுதான் என்று சொன்னவர்களும் சரி, ரெண்டு இடத்தில் பிடி இருக்கிறது என்று சொன்னவரும் சரி என்று ஆகக்கூடிய ஒரு வழி திறந்தது.

இதில் ராமச்சந்திரன் விட்டுக்கொடுத்ததும் இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. 1955இல் அவர் வரைந்த ரெண்டாவது நேரடிப் பிணைப்பு, 1968 படத்தில் இல்லை. தன் மாடலை அப்படியே காப்பாற்றுவதற்காக அவர் தண்ணீரைக் கூப்பிடவில்லை. தன் கையாலேயே ஒரு கோட்டை அழித்துவிட்டு, அந்த இடத்தில் தண்ணீரை வரைந்தார்.

வைட்டமின் சி எங்கே வருது?

அடுத்த கேள்வி ஹைட்ராக்சிப்ரோலின். புரோலினில் ஒரு ஓ-ஹெச் சேர்ந்தால் ஹைட்ராக்சிப்ரோலின். கொலாஜன் சங்கிலி உருவான பிறகு செல் மெனக்கெட்டு அந்த ஓ-ஹெச்சை ஒட்டுகிறது. அதற்கு வைட்டமின் சி வேண்டும். வைட்டமின் சி இல்லாவிட்டால் ஸ்கர்வி. ஈறு கரையும், ரத்தம் கசியும், புண் ஆறாது. பழைய காலத்துக் கப்பல்காரர்களைக் கொன்ற நோய்.

எதற்கு இவ்வளவு முக்கியம்? 1970களின் தொடக்கத்தில் விடை வந்தது. ஓ-ஹெச் உள்ள கொலாஜனின் முப்புரி சுமார் 39 டிகிரி செல்சியஸில் அவிழ்கிறது. ஓ-ஹெச் இல்லாதது சுமார் 24 டிகிரியிலேயே அவிழ்ந்துவிடுகிறது. நம்ம உடம்பு 37 டிகிரி. ஓ-ஹெச் இல்லாவிட்டால் நம்ம கயிறு நம்ம சூட்டிலேயே பிரிந்துவிடும். தாம்பரம் மே மாதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

1973இல் ராமச்சந்திரன், மஞ்சு பன்சால், ஆர். எஸ். பட்நாகர் மூவரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். அந்த ஓ-ஹெச் தண்ணீர் மூலக்கூறு வழியாகச் சங்கிலிகளை இணைத்துக் கயிற்றை உறுதியாக்குகிறது என்பதுதான் அது. மறுபடியும் தண்ணீர்ப் பாலம்.

இது எவ்வளவு தூரம் சரி? ரெண்டு தேதிகளைப் பார்ப்போம். 1994இல் அமெரிக்காவில் பெல்லா, ஈட்டன், பிராட்ஸ்கி, பெர்மன் ஆகியோர் கொலாஜன் மாதிரியான ஒரு சிறு பெப்டைடைப் படிகமாக்கி, 1.9 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் பார்த்தார்கள். நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு செட்டுக்கு ஒன்றுதான். அதில் ரிச்சும் கிரிக்கும் ஜெயித்தார்கள். ஆனால் கயிற்றைச் சுற்றித் தண்ணீர் ஓர் உறை மாதிரி ஒழுங்காகப் பின்னியிருந்தது. ஹைட்ராக்சிப்ரோலினின் ஓ-ஹெச்சும் சி-ஓக்களும் தண்ணீர்ப் பாலங்களால் இணைந்திருந்தன. அந்தப் பெப்டைடில் ஒரு கிளைசினுக்குப் பதிலாக அலனைன் வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் சங்கிலிகள் கொஞ்சம் விலகி, நேரடிப் பிணைப்பு விட்டுப்போய், அங்கேயும் தண்ணீர் வந்து நடுவில் நின்று பிடித்துக்கொண்டிருந்தது. கிளைசின் இப்படி மாறிப்போகும் மரபணுப் பிழைகள்தான் எலும்பு சுலபமாக உடையும் ஒருவகை நோய்க்குக் காரணம் என்பதால், இது வெறும் படிக விளையாட்டு இல்லை.

ஆனால் 1998இல் இன்னொரு குழு ஓ-ஹெச்சுக்குப் பதிலாக ஃபுளோரின் வைத்துப் பார்த்தது. ஃபுளோரின் தண்ணீர்ப் பாலம் கட்டாது. அப்படியும் கயிறு அவிழவில்லை. முன்பைவிட உறுதியாகவே நின்றது. அதாவது ஓ-ஹெச் தரும் பலத்தில் பெரும்பங்கு, எலக்ட்ரானை இழுத்து வளையத்தைச் சரியான வளைவில் வைப்பதால் வருகிறது. தண்ணீர்ப் பாலம் இருக்கிறது, படத்தில் தெரிகிறது. ஆனால் பலம் முழுக்க அதனால் இல்லை. 1973 கருத்து பாதி சரி. ஒரு பெரிய விஞ்ஞானியின் எல்லாக் கருத்தும் சரியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சரிபார்க்கக்கூடிய மாதிரி சொன்னார் என்பதுதான் பெரிசு.

நம்ம குரோம்பேட்டையும் இதே கதைதான்

நம்ம லைனில் தினமும் கடக்கும் ஸ்டேஷன் குரோம்பேட்டை. அந்தப் பேரில் இருக்கும் குரோம், குரோமியம்தான். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் இங்கே நடத்திய குரோம் லெதர் கம்பெனியால் வந்த பேர். பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் டேனரிகள் இருந்ததும், அந்தக் கழிவால் நிலத்தடி நீர் கெட்டதும் இந்த ஏரியாவின் பெரியவர்களுக்குத் தெரியும்.

டேனரியில் என்ன நடக்கிறது என்று கெமிஸ்ட்ரியாகப் பார்த்தால், எல்லாமே கொலாஜனுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவுதான். கெடாமல் இருக்க உப்புப் போட்டு வைத்த தோல் வரும். உப்பு தண்ணீரை இழுத்துவிட்டிருக்கும். முதல் வேலை ஊறவைப்பது, அதாவது இழந்த தண்ணீரை மறுபடி ஏற்றுவது. பிறகு சுண்ணாம்பு, முடி நீக்கம். கடைசியில் குரோமியம் உப்பு. குரோமியம் அயனி தன்னைச் சுற்றி ஆறு தண்ணீர் மூலக்கூறுகளோடு வரும், ஹைட்ரேட்டட் அயனி. அந்தத் தண்ணீர் சிலவற்றை மெதுவாகத் தள்ளிவிட்டு, கொலாஜனின் கார்பாக்சில் குழுக்கள் அந்த இடத்தைப் பிடிக்கும். சங்கிலிகளுக்கு நடுவில் தண்ணீர்ப் பாலத்தோடு இப்போது குரோமியப் பாலமும். பச்சைத் தோலை ஈரத்தோடு சூடாக்கினால் 60, 65 டிகிரியிலேயே சுருங்கிவிடும். நன்றாகக் குரோம் போட்ட தோல் கொதிக்கும் தண்ணீரையும் தாங்கும்.

கிண்டியில் ராமச்சந்திரன் வரைந்த படமும், குரோம்பேட்டைத் தொட்டியில் தொழிலாளிகள் கைபட நடந்த வேலையும் ஒரே மூலக்கூறைப் பற்றியவை. அடையாறு சி.எல்.ஆர்.ஐ. ரெண்டுக்கும் நடுவில் நின்றது.

அப்புறம்

1970வாக்கில் அவர் சென்னையை விட்டு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கே திரும்பி, அங்கே மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையைத் தொடங்கினார். 1971இல் ஏ. வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து, பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே நிழல்களிலிருந்து உள்ளே இருப்பதை மீட்டெடுக்கும் கணக்கை, ஃபூரியர் மாற்றத்தின் சுற்றுவழி இல்லாமல் கன்வல்யூஷன் மூலம் சுலபமாக்கினார். சி.டி. ஸ்கேன் படம் உருவாக்குவதில் இந்த முறைக்குப் பெரிய பங்கு. சிக்னல் பிராசசிங் படிக்கிற இ.சி.இ. மக்களே, எலக்ட்ரிக்கலை விட்டு வந்தவர் திருப்பிக் கொடுத்த கடன் இதுதான். 1977இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1999இல் படிகவியலின் பெரிய விருதான எவால்ட் பரிசு. நோபல் வரவில்லை.

கடைசிக் காலம் சுலபமாக இல்லை. மனநலச் சிக்கல்கள் வெகுநாளாகவே அவரைத் துரத்தின. பின்பு பார்க்கின்சன் நோய். 1998இல் மனைவி ராஜலட்சுமியின் மறைவு அவரை உடைத்துவிட்டது. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார். வயது 78.

சி.எல்.ஆர்.ஐ. வளாகத்தில் ஓர் அரங்கம் இருக்கிறது. பேர் டிரிப்பிள் ஹெலிக்ஸ் ஆடிட்டோரியம். சிம்போசியத்துக்கு அங்கே போகிறவர்களில் பலர், அந்தப் பேர் ஏன் என்று கேட்பதில்லை. இனிமேல் நீங்கள் போனால் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லுங்கள்: பக்கத்து வளாகத்தில் ஒருவர் கங்காரு வாலை வைத்து அந்தக் கயிற்றைக் கண்டுபிடித்தார், பதிமூணு வருஷம் கழித்து, அதற்குள் தண்ணீரும் ஒரு இழை என்று காட்டினார்.

பரீட்சையில் ஹைட்ரேஷன் என்றால் என்ன என்று ரெண்டு மார்க் கேள்வி வந்தால், புத்தகத்தில் உள்ள வரியை எழுதுங்கள், மார்க் வரும். ஆனால் ப்ராஜெக்டில் ஏதாவது ஒரு மாடல் எவ்வளவு முட்டினாலும் பொருந்தாமல் நின்றால், பின்னணி என்று நினைத்து வெளியே விட்டது எது என்று ஒருமுறை பாருங்கள். சமயத்தில் அது தண்ணீராகவே இருக்கலாம்.